வரப்போகிறவனுக்கு ஒரு தளம்

2024 ஜனவரி 31 அன்று, பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அழகுமலை ஓய்வு பெற்றார். குடியிருந்த லயத்து வீட்டை பிப்ரவரி முடிவதற்குள் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும்.

மறுநாளே அவர் வீட்டின் பின்புறம் தனியாளாக ஒரு மரத்தளம் போடத் தொடங்கினார். ஆறடிக்கு நாலடி. நான்கு மூலையிலும் சிமெண்டுக் கல்லை மண்மேல் வைத்து, மட்டம் பார்த்து, சட்டம் போட்டுப் பலகை அடித்தார்.

பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரன் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"காலி பண்ணப் போற வீட்டுக்கு எதுக்குண்ணே இது?"

"வர்றவன் உக்காந்து டீ குடிக்கட்டும்."

"அப்படியே ஒரு மாடியும் கட்டிக் குடுத்துட்டுப் போங்க. சரி, குழி தோண்டிக் கால ஊனுங்கண்ணே. இல்லன்னா ஆடும்."

"தோண்டக் கூடாது."

"கம்பெனி ரூலா?"

"ஆமா, ரூலுதான்."

கடைசி நாள், ஜீப்பில் சாமான் ஏறிய பிறகு, அழகுமலையின் மனைவி முருகேஸ்வரி வீட்டின் பின்புறம் வந்து பலகையைத் தடவினார்.

"பாப்பா மேல பாரம் இறங்காதுல்ல?"

"இறங்காது. கல்லு ஓரத்துலதான் இருக்கு. இனி இங்க யாரும் மண்வெட்டி போட மாட்டாங்க."

1993 மழையில் பாதை அடைபட்டிருந்தபோது, இறந்தே பிறந்த மகளை அவர்கள் புதைத்த இடம் அது.

மார்ச் 3 அன்று வினோ என்பவர் அந்த வீட்டுக்குக் குடிவந்தார். தரையில் கால் ஊன்றாத தளம் என்பதால், நான்கு பேர் சேர்ந்து எளிதாகத் தூக்கி வேலியோரம் வைத்துவிட்டார்கள். அந்த இடத்தை ஆழமாகக் கொத்தி பீன்ஸ் போட்டார்கள்.