ஓரத்துக் கோடு

முகைதீன் பாய்க்கு இத்தனை வீம்பு ஆகாது என்றுதான் ஜோசப்பின் டீச்சருக்குத் தோன்றியது.

கொடைக்கானலில் டீச்சர் நடத்தும் பெண்கள் ஜாம் கூடத்துக்கு ஐந்து வருஷமாக லேபிள் அச்சடித்துத் தருவது பாய்தான். எல்லா லேபிளிலும் ஒரே ஏரிப் படம், கீழே ஜாமின் பெயர். அதோடு ஓரத்தில் கறுப்பாகச் சில கோடுகள். பிளம்ஸ் லேபிளில் ஒன்று, பேரிக்காயில் இரண்டு, ஆரஞ்சில் மூன்று. கிழட்டு மெஷின் இழுக்கிற கோடு என்று டீச்சரும் விட்டுவிட்டார்.

மதுரைக் கடைக்காரர் விடவில்லை. மாதம் ஐநூறு பாட்டில் எடுக்கத் தயார், ஆனால் அழுக்கு மாதிரி இருக்கும் அந்தக் கோடு கூடாது என்று இன்லண்ட் லெட்டரில் எழுதிவிட்டார்.

டீச்சர் பாயின் அச்சகத்துக்கே போனார். கோட்டை எடுத்துவிட்டால் இந்த ஆர்டரும் உங்களுக்கே என்றார். கல்யாணப் பத்திரிகை சீசன் முடிந்தால் ஈ ஓட்டுகிற அச்சகம் அது.

பாய் தலையைச் சொறிந்தார். "அது மட்டும் முடியாதுங்க டீச்சரம்மா."

"ஏன்?"

"காரணம் கேக்காதீங்க. கோடு கெடந்துட்டுப் போகட்டும்."

நல்லதுக்குக் காலமில்லை என்று முனகிக்கொண்டே டீச்சர் திரும்பினார். அன்றைக்கே சிவகாசி ஏஜென்ட் சேனாதிபதியிடம் சாம்பிள் கேட்டு எழுதினார்.

பத்து நாளில் வந்துவிட்டது. மூன்று கலரில் ஏரி பளபளத்தது. ஓரம் துடைத்து வைத்த மாதிரி சுத்தம். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். கட்டுகளை லேபிள் ஒட்டும் இருளாயியிடம் கொடுத்து, மதுரைக்கு மாதிரி அனுப்ப முப்பது பாட்டில் வெரசா ஒட்டச் சொன்னார்.

ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் ஒன்றுகூட ஒட்டவில்லை. ஐந்து வருஷத்தில் ஒரு லேபிளைக்கூட மாற்றி ஒட்டாத இருளாயி, ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இருளாயி?"

"கோட்டைக் காணோமேங்க டீச்சர்."

டீச்சர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் லேபிள் வேலை என்று விதி போட்டவரே அவர்தான். புருஷனைப் பறிகொடுத்து வேலை கேட்டு நின்ற அன்று, அஞ்சாவது படித்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தாள் இருளாயி.

"மொத தடவ லேபிள் வாங்கப் போனப்பவே பாய் கண்டுக்கிட்டாருங்க. எண்ணத் தெரியுமான்னு மட்டும்தான் கேட்டாரு." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என் சோலி போயிருமாங்க?"

"போகாது. அழுவாத."

டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு மூடுபனியில் பஜாருக்கு இறங்கினார். வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. பாய் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஆர்டர் உங்களுக்குத்தான் பாய். ஆனா, மதுரைக்காரருக்குக் கோடு தெரியக் கூடாது."

பாய் மறுபடி தலையைச் சொறிய ஆரம்பித்தார்.

"பசை தடவுற பக்கத்துல அடிச்சிருங்க," என்றார் டீச்சர். "அவ பாத்தாப் போதும்."