அடைக்கலாமா, பிடுங்கணுமா?

“அங்கிள், அந்த சைக்கிள்காரர் வந்தது உங்களுக்குத் தெரியலையா?”

போன வாரம் காரின் பின் சீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக் குழந்தை கேட்டதாம். பல் டாக்டர் சிரித்தாராம். “எனக்கா தெரியாது? கழுகுக் கண்ணுடா எனக்கு!”

இதை மெக்கானிக்கிடம் சொல்லும்போதே, டாக்டரம்மா என்று எல்லோரும் கூப்பிடும் டாக்டரின் மனைவி ஷெட் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். டாக்டர் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“பொழுது சாய்ஞ்சா மாடிப்படியையே தடவித்தான் ஏறுறார். ஓட்டாதீங்கன்னு சொன்னா மனுஷன் உடைஞ்சுபோயிடுவார், தம்பி. அந்த வண்டின்னா அவருக்கு உசுரு. இன்ஜினை முழுசாப் பிரிக்கணும், பார்ட்ஸ் கிடைக்காது, ஒரு வருஷம் ஆகும்னு சொல்லிடுங்க.”

காலையில் கயிறு கட்டி இழுத்து வந்த அந்தப் பழைய காரை மெக்கானிக் ஏற்கெனவே பார்த்துவிட்டார். இரண்டு பிளக் வயர்கள் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான். மாற்றி மாட்டினால் டீ ஆறுவதற்குள் வண்டி கிளம்பிவிடும்.

ஆனால் தெரியாதவர் கை வைத்த வேலையாகவும் இல்லை. ரப்பர் மூடிகளை இறுக அழுத்தி, கிளிப்பையும் பதமாகப் போட்டிருந்தார்கள். பாவம், டாக்டரம்மா யாரிடமோ கேட்டுச் செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

பொய் சொல்வதா? அதுவும் இவரிடமா? ஷெட் திறந்த புதிதில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவரை நம்பி முதலில் சாவியை நீட்டியவர் டாக்டர். தன்னிடம் வாயைத் திறந்து படுத்த அத்தனை பேரிடமும் இந்த ஷெட்டைச் சொல்லி அனுப்பியவர். உண்மையைச் சொன்னாலோ, அடுத்த சைக்கிள்காரர் தப்பிப்பாரா?

எந்தப் பக்கம் போனாலும் முட்டியது. ‘கடவுளே, நீயே பார்த்துக்கோ’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

டாக்டர் உள்ளே வந்தார். “என்னப்பா, அடைக்கலாமா, பிடுங்கணுமா? அடைக்கக்கூடிய பல்லை நான் பிடுங்கினதே இல்ல, தெரியுமில்ல?”

“பிடுங்கணும், டாக்டர்.” சுத்தமாக இருந்த கையை மறுபடி துணியில் துடைத்தார் மெக்கானிக். “இன்ஜினை இறக்கி முழுசாப் பிரிக்கணும். பார்ட்ஸ் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள ஒரு வருஷம் ஓடிடும்.”

டாக்டர் பானெட்டை ஒருமுறை தடவிக்கொடுத்தார். கோபப்படவில்லை. வேறு யாரிடமாவது காட்டலாம் என்றும் சொல்லவில்லை.

“சரிப்பா. செஞ்சுடு.”

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்ஸி பிடிக்கத் தெருவுக்குப் போனார். ஷெட்டில் வேறு யாரும் இல்லை. மெக்கானிக்கால் தலை நிமிர முடியவில்லை.

“மன்னிச்சிடுங்க, டாக்டர்...”

“எதுக்கு? நான் கேக்காமலே என் மானத்தைக் காப்பாத்திட்டியே!” டாக்டரின் கை காற்றில் துழாவி அவர் தோளைப் பிடித்தது. குரல் தழைந்தது. “என்னோட வண்டியில சுத்துறதுன்னா அவளுக்கு உசுரு. கண்ணு மங்கிடுச்சு, இனிமே ஓட்ட மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதான் நானே வயரை மாத்தி மாட்டிட்டேன்.”

டாக்டர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, மெக்கானிக்கின் காதருகே குனிந்தார்.

“ரெண்டு வருஷம்னே சொல்லியிருக்கலாமேப்பா!”