நன்றித் தார்ப்பாய்

“மேயருக்கு நன்றி சொல்லணும். பெரிசா சொல்லணும்,” என்றார் தலைமை ஆசிரியை ரெமெடியோஸ்.

நகராட்சி விளம்பரப் பிரிவின் ரோடெல் பேனாவை எடுத்தார். நன்றி என்ற சொல் காதில் விழுந்தால் அந்தப் பேனா தானாகவே திறந்துகொள்ளும்.

சமார் தீவில் பேனருக்குத் தார்ப்பாய் என்றுதான் பெயர். பிள்ளை தேர்வில் தேறினால் தார்ப்பாய். சாலை போட்டால் தார்ப்பாய். சாலை போடப்போவதாகச் சொன்னால் அதைவிடப் பெரிய தார்ப்பாய். எல்லாவற்றிலும் மேயர் சிரிப்பார். தேர்வில் தேறிய பிள்ளை ஒரு மூலையில், தபால்தலை அளவில் இருக்கும்.

இந்த முறை நன்றிக்குக் காரணம், அலுவலக மேசை மேல் இருந்த அட்டைப் பெட்டி. உள்ளே, பாடம் படிக்க மேயர் கொடுத்த புத்தம்புது டேப்லெட் கணினிகள்.

அவை நனையக் கூடாது என்று நகராட்சி உத்தரவு போட்டிருந்தது. பிள்ளைகளைப் பற்றி உத்தரவு எதுவும் இல்லை. ஆகவே டேப்லெட்டுகள் அலுவலகத்தில் இருந்தன. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கூரையில்லாத அறையில் இருந்தார்கள்.

போன புயல் அந்த அறையின் தகரத்தைக் கடல் பக்கம் கொண்டுபோனது. திருப்பித் தரவில்லை. ரெமெடியோஸ் நகராட்சிக்கு எழுதி எழுதிப் பார்த்தார். இந்த ஆண்டு பட்ஜெட்டில் கூரைக்கு இடமில்லை என்று ஒவ்வொரு முறையும் மரியாதையாகப் பதில் வந்தது.

நன்றிக்கு இடம் இருந்தது. ‘மக்களுக்குத் தகவல் சேர்த்தல்’ என்ற தலைப்பில் தாராளமாகவே இருந்தது.

அடுத்த புயல் வெள்ளிக்கிழமை என்று வானொலி சொல்லிவிட்டது. இன்னொரு முறை அறைக்குள் தண்ணீர் நின்றால் மூன்றாம் வகுப்பை மூடிவிடச் சொல்லி மேலிடத்து வாய்மொழி உத்தரவு. அடுத்த பள்ளிக்குப் படகில் போக வேண்டும். பாதிப் பிள்ளைகள் போகமாட்டார்கள்.

இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியாது. பக்கத்து நாற்காலியில் நிருபர் ஆர்வின் உட்கார்ந்து, சர்க்கரை பூசிப் பொரித்த வாழைப்பழத்தைக் குச்சியிலிருந்து கடித்துக்கொண்டிருந்தார். மேயர் அலுவலக வண்டியில் வந்தவர். எங்கள் ஊர்ப் பள்ளிகளில் ஒழுகும் கூரையே கிடையாது என்று போன வாரம்தான் எழுதியிருந்தார்.

“அளவு?” என்றார் ரோடெல்.

“முப்பது அடிக்கு இருபத்தஞ்சு அடி.”

ரோடெல் நிமிர்ந்தார். “வாசல் கேட்டே பன்னிரண்டு அடிதானே, மேடம்?”

“மேயர் முகத்தைச் சின்னதா போடச் சொல்றீங்களா?”

அப்படிச் சொல்ல அந்தத் தீவில் ஆள் இல்லை. ரோடெல் எழுதிக்கொண்டார்.

“நல்ல கெட்டியா இருக்கணும். ஒரு மழைக்கே மேயர் கிழிஞ்சுட்டா நல்லாவா இருக்கும்?”

எழுதிக்கொண்டார்.

“கயிறு கட்ட நாலு பக்கமும் வளையம் வேணும். நெருக்கமா. காத்துல அவர் பறந்துடக் கூடாது பாருங்க.”

அதையும் எழுதிக்கொண்டார்.

ஆர்வின் குச்சியை நீட்டிப் பேச ஆரம்பித்தார். “புத்தகக் காலம் முடிஞ்சு போச்சு, மேடம். பெஞ்சு வேணாம், கரும்பலகை வேணாம், நாலு சுவரும் வேணாம். ஒரு திரை இருந்தா போதும், அதுதான் பள்ளிக்கூடம்.”

சுவரோடு நிறுத்திக்கொண்டாரே என்று நினைத்த ரெமெடியோஸ், இன்னொரு வாழைப்பழக் குச்சியை அவர் பக்கம் நகர்த்தினார்.

“மேயர் நிர்வாகத்தைப் பத்தி ஒரே ஒரு வரி சொல்லுங்களேன். தலைப்பா போட்டுக்கறேன்.”

“அவர் நிர்வாகத்துல ஈரத்துக்குக் குறைச்சலே இல்ல, தம்பி.”

ஆர்வின் நெகிழ்ந்துபோனார். ‘ஈரமுள்ள மேயர்’ என்று போனில் தட்டினார். தட்டியதைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

“தார்ப்பாயை எங்க கட்டப்போறீங்க? படம் எடுக்கணுமே.”

“உயரமா ஒரு இடம் பார்த்து வச்சிருக்கேன். வானத்துல இருந்து பார்த்தாலும் தெரியும்.”

“அப்ப ட்ரோன்லதான் எடுக்கணும்,” என்று எழுந்தவர், அதற்கு மின்னேற்ற வேண்டும் என்று வண்டிக்கு ஓடினார்.

அறையில் இரண்டு பேர் மிச்சம். ரோடெலின் பேனா இன்னும் மூடவில்லை.

“மேடம்,” என்றார், தலை நிமிராமல். “நீளத்துல ரெண்டு அடி கூடப் போட்டுக்கறேன். சுவரைத் தாண்டித் தொங்கினாத்தானே தண்ணி வெளிய வழியும்?”

கூரை என்று அதுவரை யாருமே சொல்லியிருக்கவில்லை.

ரோடெலின் மகள் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதப் பழகியவள்.

ரெமெடியோஸ் ஒரு வாழைப்பழக் குச்சியை ரோடெல் பக்கம் நகர்த்தினார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்,” என்றார் ரோடெல். “கட்டும்போது மேயர் முகம் மேல இருக்கணுமா, கீழ இருக்கணுமா?”

ரெமெடியோஸ் ஜன்னல் வழியே பார்த்தார். கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

“மேலயே இருக்கட்டும். இவ்வளவு நாளும் பிள்ளைங்கதானே நனைஞ்சாங்க.”