கிளிப்பச்சைத் துண்டு

"துண்டைக் காணோம்!"

குடியிருப்பின் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்த குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாவது மாடியில் இன்ஜின் பெரியவர் வீட்டுப் பால்கனிக் கம்பி வெறுமையாக இருந்தது. ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. மற்றப் பெரியவர்களின் பால்கனிகளில் எல்லாம் கிளிப்பச்சைத் துண்டுகள் சமர்த்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

அனல் காற்று வீசத் தொடங்கிய வாரமே செயலாளர் தீட்டிய திட்டம் அது. தனியாக வசிக்கும் முதியவர்களுக்குச் சங்கத்தின் செலவில் ஆளுக்கொரு துண்டு. காலையில் எழுந்ததும் கம்பியில் போட வேண்டும், பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுக்க வேண்டும். துண்டு தொங்கினால் ஆள் நலம். தொங்காவிட்டால் போய்க் கதவைத் தட்டலாம்.

"அதுக்கு எதுக்குங்க துண்டு? மாடியேறி ஒரு எட்டு போய், 'தண்ணி குடிச்சீங்களா, தலை சுத்துதா'ன்னு கேட்டுட்டு வந்தா ஆச்சு" என்று அவர் மனைவி அப்போதே சொன்னாள்.

"எல்லாரும் செய்யறதை நானும் செஞ்சா அதுக்குப் பேரு திட்டமா?" என்று அவள் வாயை அடைத்தார். வாசலில் நின்று பல் துலக்கியபடியே அத்தனை உயிர்களையும் காப்பாற்றிவிடலாம் என்றால் சும்மாவா? பக்கத்துக் குடியிருப்பின் செயலாளர்கூட நேரில் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். பொறாமையில் அவர் முகமும் கிளிப்பச்சையாகவே இருந்ததாக நம்மவருக்குத் தோன்றியது.

இன்று திட்டத்துக்கு முதல் சோதனை. மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் செயலாளருக்கு நாக்கு வறண்டுவிட்டது. அழைப்பு மணியை அழுத்தினார்; மின்சாரம் இல்லை. கதவை இடித்தார், பதில் இல்லை.

"ஐயா! இன்ஜின் ஐயா!" கூடவே ஏறி வந்த காவலாளி தொண்டை கிழியக் கத்தினார்.

பின்னாலேயே ஓடிவந்த செயலாளரின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "நேத்து வெயில் மண்டையைப் பொளந்துச்சே, மனுஷனுக்கு என்ன ஆச்சோ! யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க, கதவை உடைங்க!"

பூட்டு ரிப்பேர்க்காரர் வந்தார். ஆம்புலன்சுக்கும் சொல்லியாயிற்று. சுத்தியல் விழுந்த சத்தத்தில் கட்டடமே அதிர, மேல் மாடிக்காரர்கள், கீழ் மாடிக்காரர்கள் எல்லாரும் தூக்கக் கலக்கத்தோடு படியில் கூடிவிட்டார்கள்.

ஒட்டினாற்போல இருக்கும் பக்கத்து வீட்டு டீச்சரம்மா மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. தலைமையாசிரியையாக இருந்தவர், அநாவசியமாக வேடிக்கை பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அந்தக் களேபரத்திலும் அவருடைய கண்ணியத்தைச் செயலாளர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

பூட்டு தெறித்து விழுந்தது. எல்லாரும் திபுதிபுவென்று உள்ளே நுழைந்தார்கள். குளியலறையில் குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஒரு வாளி, வாளிக்குள் இரண்டு கால்கள். கால்களுக்குச் சொந்தக்காரர் முக்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கழுத்தில் சொட்டச் சொட்ட ஈரத் துண்டோடு ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது, ஊரையே கூட்டிக்கிட்டு வந்திருக்கீங்க?" என்றார் இன்ஜின் பெரியவர்.

"நல்லாத்தான் இருக்கீங்களா?" செயலாளரின் குரலில் நிம்மதியைவிட ஏமாற்றம்தான் தூக்கலாக இருந்தது.

"ஏன், இல்லேன்னா உங்களுக்குச் சௌகரியமா?"

"கம்பியில துண்டு எங்க சார்?"

"இதோ, கழுத்துல. துணியை நனைச்சுக் கழுத்துல சுத்திக்கிட்டா சூடு எறங்கும்னு கூட்டத்துல சொன்னது நீங்கதானே? நல்ல கனமான துண்டு, தண்ணியை விடாம பிடிச்சு வெச்சுக்குது. கம்பியைக் குளிர வெச்சு என்ன பிரயோசனம்?"

"அப்ப கம்பிக்கு வேற துண்டு போட்டிருக்கலாமே!"

"பச்சைத் துண்டு மட்டும்தான் செல்லும்னு சொன்னதும் நீங்கதானே?"

பின்னால் நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. காவலாளி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே ஆம்புலன்ஸ் வந்து நின்று அலறியது. செயலாளருக்கு முகம் செத்துவிட்டது. உடைந்த பூட்டைக் குனிந்து எடுத்தவர், கெட்டுப்போன மானத்தையும் கூடவே எடுத்துவிடப் பார்த்தார்.

"சிரிக்காதீங்க! திட்டம்னா நாலு பேரு ஒத்துழைக்கணும். பக்கத்து வீட்டு டீச்சரம்மாவைப் பாத்துக் கத்துக்குங்க சார். உங்களை மாதிரி அவங்களும் தனியாத்தானே இருக்காங்க? நான் காலையில கீழ வர்றதுக்கு முன்னாடியே அவங்க துண்டு தொங்குது. ஒரு நாள் தவறினதில்ல!"

பெரியவர் சிரித்துக்கொண்டே கழுத்துத் துண்டை எடுத்துப் பிழியத் தொடங்கினார். கை பாதியில் நின்றது. பிறகு சிரிப்பும் நின்றது.

"அதை முந்தாநாள்லேர்ந்து அவங்க உள்ளயே எடுக்கலையேய்யா..."