அசையாமல் நில்

பழைய பேருந்து நிலையத்தை இடிக்க ஜேசிபி வந்துவிட்டது. தூணருகே நின்ற செங்கமலம் மட்டும் நகரவில்லை. மகளை நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போன இடம் அது. திரும்பி வந்தபோது பிள்ளை இல்லை. அன்றிலிருந்து தினமும் வந்து அங்கேதான் நிற்கிறாள். கணவர் தணிகாசலம் கெஞ்சினார், கையைப் பிடித்து இழுத்தார். கடைசியில், வகுப்பில் காலமெல்லாம் நடத்திய பாடம்தான் வாயில் வந்தது.

"இது அந்த இடமே இல்ல கமலம். பூமி சூரியனச் சுத்துது. சூரியன் நம்மையும் இழுத்துக்கிட்டு ஓடுது. பால்வெளி மொத்தமும் எங்கேயோ பறந்துக்கிட்டிருக்கு. அன்னைக்கு அவ நின்ன இடம் ரொம்பப் பின்னால, இருட்டுல கெடக்கு. வா, வீட்டுக்குப் போலாம்."

அவள் தூணிலிருந்து கையை எடுத்தாள். அவருக்கு அப்பாடா என்றிருந்தது. அவளோ வெயிலில் வெளுத்த வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்ப அவ அங்கதாங்க நிப்பா. அசையாம நில்லுன்னு நான்தான சொல்லிட்டுப் போனேன். சொன்ன பேச்சத் தட்டாத பிள்ளை."

அவர் மணிக்கட்டை இறுகப் பற்றினாள்.

"எந்தப் பக்கங்க?"

ஜேசிபி ஹாரன் அடித்தது. கரும்பலகையில் எத்தனையோ முறை சூரியனை வரைந்து காட்டிய விரல் மேலே உயர்ந்து, எந்தப் பக்கமும் நிலைகொள்ளாமல் அலைந்தது.