சிவப்பு வருது

"'செவப்பு வருது, செவப்பு வருது, எழுந்திருங்க மக்கா!' இது நீ கட்டின பாட்டுதானே?"

ரங்கூன் போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அப்துல் அஜீஸ் மேஜையை ஓங்கித் தட்டினார். அரிசி மில்லில் மூட்டை தூக்கும் மாரிச்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நின்றான்.

"ஆமாங்க. நம்ம ஊர் மெட்டு. வார்த்தை மட்டும் என்னுது."

"செவப்புன்னா போல்ஷவிக்! ரஷ்யாவிலே தொழிலாளி ராஜ்யம் வந்த மாதிரி இங்கேயும் வரணுமாக்கும்?"

"ரஷ்யா எங்கிட்டுங்க இருக்கு? பக்கத்து ஊரு மாவ்பிக்கு அந்தாண்டையா?"

"நடிக்காதே! மில் முழுக்க இதே பாட்டுன்னு உங்க வெள்ளைக்காரத் துரையே எழுதிக் கொடுத்திருக்கார்."

மாரிச்சாமி ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தான். துரை சாட்சிக்கு அனுப்பிய மேஸ்திரி அய்யாசாமி, தலையில் சிவப்பு முண்டாசோடு நின்றுகொண்டிருந்தார். அந்த முண்டாசுதான் பாட்டில் வரும் சிவப்பு. அது தூரத்தில் தெரிந்ததும் மாரிச்சாமி பாடுவான். மூட்டைகளுக்குப் பின்னால் குறட்டை விடும் கூட்டாளிகள் துள்ளி எழுந்துகொள்வார்கள்.

உண்மையைச் சொன்னால் அத்தனை பேர் வேலையும் போய்விடும். சொல்லாவிட்டால் ஜெயில்.

"யாருடா வர்றது? சொல்லு!"

மாரிச்சாமி கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்கு வந்ததைப் பாடினான்.

"செவப்புச் சேலை கட்டிக்கிட்டு காளியம்மா வாறா... சேவலடிச்சுப் பொங்கல் வைக்க எழுந்திருங்க மக்கா!"

வாசலில் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளின் கால் தானாகத் தாளம் போட்டது. இன்ஸ்பெக்டர் முறைத்ததும் நின்றது.

"மேஸ்திரி, நீ சொல்லு. இது சாமி பாட்டா?"

அய்யாசாமி பெரிய கொட்டாவி ஒன்றை விட்டார். "சத்தியமா சாமி பாட்டுதானுங்க. எங்க பக்கம் இந்த மெட்டைச் சின்னப் புள்ளைகூடப் பாடும்."

இன்ஸ்பெக்டர் சலித்துப்போய்க் கையை வீசினார். "போய்த் தொலைங்க."

வெளியே வந்ததும் மாரிச்சாமிக்குப் பாதி உயிர் திரும்பியது. ஆனால் மேஸ்திரி எதற்காகப் பொய் சொன்னார்? மீதி உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தது.

ரெயில் பாதையைத் தாண்டியதும் மேஸ்திரி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, அவன் தோளில் கை போட்டார்.

"அந்தச் செவப்பு நான்தான்னு எனக்கு எப்பவோ தெரியும்டா."

"அண்ணே, மன்னிச்சிருங்க..."

"அது கெடக்கட்டும். 'வெள்ளை வருது'ன்னு ஒரு பாட்டுக் கட்டு. தொரை வந்தா என்னை எழுப்பத்தான் ஆளில்லே!"