மீன்விளக்குப் பாட்டு

"வாயை மட்டும் திறந்துவிடாதீர்கள்" என்று டேனிஷில் கெஞ்சினாள் முதலாளியம்மா லின்.

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் அவள் நடத்தும் சீன உணவகத்தின் சமையல்காரர் குருசுமுத்து, துணிமீனின் வாலுக்குள் ஒரு கையில் விளக்கும், மறுகையில் 'நாரி' என்று அவர் சொல்லும் இடுப்புமாகக் குனிந்து நின்றார். தலைக்குள் அவருடைய மருமகன் றொஜிதன்.

சீனாவில் லின்னின் ஊரில், இப்படித் துணிமீனுக்குள் விளக்கேந்தி ஆடும் மீன்விளக்கு ஆட்டத்துக்கு இப்போது ஆளே இல்லை. இங்கே ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சீனத் தலைநகரிலிருந்து பேராசிரியர் ஒருவர் படமெடுக்க வந்திருந்தார். உள்ளே இருப்பவை யாழ்ப்பாணத்துக் கால்கள் என்று அவருக்கு யார் சொல்வது?

மீன் துள்ளியது. பேராசிரியர் ஏதோ கேட்டார்.

"பாட்டு எங்கே என்கிறார்" என்று லின் முனகினாள்.

வாலிலிருந்து இழுத்து இழுத்து ஒரு பாட்டு எழுந்தது. பேராசிரியர் கண்ணைத் துடைத்தார்.

"எத்தனை பழைய கிராமத்துப் பேச்சு! எனக்கே விளங்கவில்லை. என்ன பொருள்?"

"ஊர் செழிக்கட்டும் என்று" என்றாள் லின், கொஞ்சமும் கூசாமல்.

அடுத்த ஆண்டு லின் கைபேசியை நீட்டினாள். அதில், பேராசிரியரின் படத்தைப் பார்த்துப் பழகிய அவள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் மீன்விளக்கு ஏந்திப் பாடி வந்தார்கள்.

"மாமா, இது நீங்கள் அண்டைக்குப் பாடினதெல்லோ?"

"ஓம். பேசாமல் இரும்."

பிள்ளைகள் பயபக்தியோடு பாடினார்கள்:

"ஐயோ மருமோன், நாரி முறியுது... மெல்ல ஓடுமன்!"